டயாஃப்ரம் கிழிஞ்ச கேஸ்: வயித்தைத் திறக்கிறதா, நெஞ்சைத் திறக்கிறதா?

போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கேஸ். லாரி பின்னாடி பைக்கை விட்ட பையன், இடது பக்கம் மூணு விலா எலும்பு போச்சு, இடுப்பெலும்பும் போச்சு, பிபி 90ஐத் தாண்ட மாட்டேங்குது. எக்ஸ்ரேல இடது நெஞ்சுக்குள்ள பெருசா ஒரு காத்துக் குமிழ். முதல்ல பார்த்த ஆஸ்பத்திரில அதை நுரையீரலைச் சுத்தி காத்து சேர்ந்திருக்குன்னு நினைச்சு நெஞ்சுல ட்யூப் போட ரெடி ஆகிட்டாங்களாம், அதுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்துடுச்சு. உண்மையில நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கற தசையான டயாஃப்ரம் கிழிஞ்சு, இரைப்பை மேல ஏறி நின்னுச்சு, ட்யூப் போட்டிருந்தா நேரா அதுல ஓட்டை தான். சந்தேகம் இருந்தா ட்யூப் விடறதுக்கு முன்னாடி, அதுக்காக நெஞ்சுல போட்ட ஓட்டை வழியா விரலை விட்டு ஒரு சுத்து தடவிப் பாருங்க, வழவழன்னு எதாவது தட்டுப்பட்டா அங்கேயே நிறுத்திடுங்க.

நாங்க மூக்கு வழியா இரைப்பைக்குப் போற ரைல்ஸ் ட்யூப் போட்டு இன்னொரு எக்ஸ்ரே எடுத்தோம். ட்யூப் கீழ இறங்கிட்டு அப்படியே யூ-டர்ன் அடிச்சு நெஞ்சுக்குள்ள சுருண்டு நின்னுச்சு. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல வயித்துல ரத்தமும் இருந்துச்சு, சிடிக்கு அனுப்பற நிலைமை இல்ல, நேரா தியேட்டர்.

எக்ஸ்ரேவா சிடியாங்கற சண்டைல சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, ஆள் தாங்கினா சிடி தான். ஆனா கத்திக்குத்துல ஒரு சென்டிமீட்டர் ஓட்டைன்னா சிடியும் கோட்டை விடும். அதனால தான் இடது பக்கம் நெஞ்சும் வயிறும் சேர்ற இடத்துல குத்து வாங்கி, ஆனா ஸ்டெடியா இருக்கற ஆளுக்கு லேப்ராஸ்கோப் (சின்ன ஓட்டை வழியா உள்ள விடற கேமரா) விட்டுப் பாத்துடுங்கன்னு அமெரிக்காவோட ஈஸ்ட்ங்கற விபத்து சிகிச்சை சர்ஜன்கள் அமைப்பு 2018 கைட்லைன்ல சொல்லுது. இன்னொண்ணு, வென்டிலேட்டர்ல இருக்கற வரைக்கும் மெஷின் நெஞ்சுக்குள்ள காத்தை அழுத்தறதால குடல் மேல ஏறாம இருக்கலாம், எக்ஸ்ரே சுத்தமா இருக்கும், மூச்சு ட்யூப் எடுத்த மறுநாள் மூச்சு வாங்கும். அப்ப திரும்ப ஒரு படம் எடுக்கணும், முதல் படத்தை நம்பி உக்காரக் கூடாது.

சின்ன ஓட்டை தானே, தானா மூடிக்கும்னு விட முடியாதான்னு கேப்பாங்க. அதை நம்ப முடியாது. அந்தத் தசை ஒரு நிமிஷம் கூட சும்மா இருக்காது, ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு மேல உறிஞ்சுது, வயிறு கீழ இருந்து தள்ளுது. 1579லயே பிரெஞ்சு சர்ஜன் ஆம்ப்ருவாஸ் பாரே எழுதி வெச்சிருக்கார், குண்டடி பட்டுப் பிழைச்ச ஒரு கேப்டன் எட்டு மாசம் கழிச்சு செத்துப் போனார், அறுத்துப் பாத்தா சுண்டுவிரல் நுனி போற ஓட்டைல பெருங்குடல் மாட்டியிருந்துச்சாம்.

சரி, விஷயத்துக்கு வரேன். வயிறு வழியா லேப்ரோடமியா, நெஞ்சு வழியா தொரக்காடமியா? நான் வயிறு கட்சி. புது அடின்னா யோசிக்கறதே இல்ல. எல்லாரும் சொல்ற காரணம் தெரிஞ்சது தான், டயாஃப்ரம் கிழியற அளவு அடி பட்டவனுக்கு மண்ணீரல், குடல், கல்லீரல்னு எதாவது சேந்து அடிபட்டிருக்கும், அதையெல்லாம் நெஞ்சு வழியா பாக்க முடியாது. வயித்தைத் திறந்தா ரெண்டு பக்கத்து டயாஃப்ரமும் கைக்கு வரும்.

ஆனா என்னைக் கேட்டா முடிவு பண்றது கீறல் இல்ல, ஆளை எப்படிப் படுக்க வைக்கிறோம்ங்கறது. தொரக்காடமின்னா வழக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். இந்தப் பையன் மாதிரி இடுப்பெலும்பு உடைஞ்சு, கழுத்தெலும்பு சரியா இருக்கான்னு கூட தெரியாம, பிபி தொங்கிட்டு இருக்கறவனைத் திருப்பறதுன்னா நாலு பேர் வேணும், திருப்பின உடனே பிபி இன்னும் விழும், நெஞ்சு மேல் பக்கம் வந்தப்புறம் வயித்துல ரத்தம் கொட்டுதுன்னா திரும்ப மல்லாத்தி துணி மாத்தி பெயின்ட் பண்ணி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒரு பக்க நுரையீரலை மட்டும் சுருக்கற டபுள் லூமன் ட்யூப் போட ராத்திரி டூட்டி அனஸ்தீசியா டாக்டர் கிட்ட கேட்டுப் பாருங்க, அவர் முறைக்கற முறைப்பே பதில். மல்லாக்கப் படுத்திருந்தா எதுவும் மாத்த வேணாம், தேவைப்பட்டா அதே பொசிஷன்லயே முன்பக்கமா நெஞ்சையும் திறந்துக்கலாம்.

உள்ள போனதும் இரைப்பையைப் பிடிச்சு இழுக்கற ஆசை வரும், இழுத்தா கிழியும். ஓட்டை ஓரமா ஒரு ரப்பர் ட்யூபை மெதுவா நெஞ்சுக்குள்ள விடுங்க, புஸ்ஸுனு காத்து உள்ள போகும், அவ்வளவு நேரம் பிடிச்சு வெச்சிருந்த உறிஞ்சல் விட்டுப் போய் இரைப்பை தானா வழுக்கிட்டு இறங்கும். எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அதுல ஒரு சந்தோஷம். அப்புறம் கிழிஞ்ச ஓரத்தை அல்லிஸ்ங்கற இடுக்கில பிடிச்சு, ஆழத்துல இருக்கற மூலைல முதல் தையல், அந்த நூலை வெட்டாம பிடிச்சு இழுத்தா அடுத்த இடம் மேல வரும். கரையாத நூல் தான், நான் ஒண்ணாம் நம்பர் ப்ரோலீன். நடுப்பக்கம் வந்தா ஊசி ஆழமா போகக் கூடாது, அந்தப் பக்கம் துடிக்கறது இதயம். கடைசி முடிச்சுக்கு முன்னாடி நுரையீரலை ஊதச் சொல்லி, நெஞ்சுல ட்யூப் ஒண்ணு விட்டுட்டு வந்துடலாம். மெஷ் (ஓட்டை மேல வெச்சுத் தைக்கற வலை) புது அடில அனேகமா வேண்டியதில்ல, குடல் ஓட்டையாகி அழுக்காயிருந்தா சாதா மெஷ் பக்கமே போகாதீங்க.

லேப்ராஸ்கோப்ல தைக்கறவங்களும் இருக்காங்க, ஸ்டெடியான ஆளுக்கு அழகா வருது. ஊதற காத்து ஓட்டை வழியா நெஞ்சுக்குள்ள ஏறி பிபி பொசுக்குனு விழலாம், அதனால குறைஞ்ச பிரஷர்ல ஊதுங்க, நெஞ்சு ட்யூப் கைக்கெட்டற தூரத்துல இருக்கட்டும். நான் அப்படிப் பண்ணது அஞ்சாறு தான், எல்லாம் சின்னக் கிழிசல், அதனால பெருசா அடிச்சு விட மாட்டேன்.

நெஞ்சு கட்சிக்காரங்க ஜெயிக்கற இடம் ஒண்ணு இருக்கு, பழைய கேஸ். எப்பவோ விழுந்ததை மறந்தே போயி, வருஷம் கழிச்சு வாந்தின்னு வருவாங்க. இப்படிக் கிழிசல் வழியா உறுப்பு மேல ஏறற ஹெர்னியாவுக்கு, அதைச் சுத்தி பை கிடையாது, குடல் நேரா நுரையீரல்லயே ஒட்டியிருக்கும், கீழ இருந்து அதைப் பிரிக்கறது இருட்டுல கைவிட்டுத் துழாவற மாதிரி. இருந்தாலும் இடது பக்கம்னா நான் வயிறு வழியா தான் ஆரம்பிப்பேன், வரலைன்னா நெஞ்சையும் திறப்பேன், அதுக்குத் தோதா முதல்லயே இடது பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வெச்சுப் படுக்க வெச்சுடுவேன். வலது பக்கம் பழசுன்னா கல்லீரல் மேல ஏறி அடைச்சுட்டு நிக்கும், கீழ இருந்து கையே போகாது. நான் பாத்தது ரெண்டே ரெண்டு. முதல் ஆளுக்கு வயித்தைத் திறந்து ஒரு மணி நேரம் போராடிட்டு அப்புறம் நெஞ்சைத் திறந்தேன், ரெண்டாவது ஆளுக்கு நேரா நெஞ்சு தான்.