ஏதென்ஸில் ஒரே ஒரு நாள்: அக்ரோபோலிஸா, டெல்பியா?

கோடைப் பயிற்சி, மாநாடு என்று ஏதென்ஸுக்கு வரும் மாணவர்களுக்குக் கடைசியில் பெரும்பாலும் ஒரு நாள்தான் மிஞ்சும். நகரத்துக்குள்ளேயே அக்ரோபோலிஸ் குன்று, பழைய சந்தைவெளியான அகோரா என்று சுற்றுவதா, பஸ் பிடித்து, கிரேக்கக் கடவுள் அப்பல்லோவின் கோயில் இருந்த டெல்பி போய்வருவதா? இரண்டையும் வெவ்வேறு பயணங்களில் செய்து பார்த்துவிட்டேன். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் டெல்பி என்பேன்.

ஏதென்ஸ் பக்கமும் நியாயம் இருக்கிறது. மெட்ரோவிலேயே போய் இறங்கலாம், அலைச்சல் இல்லை. கி.மு. 447இல் கட்டத் தொடங்கிய, குன்றின் மேலுள்ள பார்த்தினன் கோயில் முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. ஆனால் கோயிலுக்குள் கால் வைக்க முடியாது, வெளியே சுற்றிவரலாம், அவ்வளவுதான். 1687இல் வெனிஸ் படை எறிந்த குண்டு, துருக்கியர் உள்ளே சேமித்திருந்த வெடிமருந்தில் விழுந்து நடுப்பகுதியைச் சிதறடித்தது. தப்பிய சிற்பங்களில் ஏறத்தாழ பாதி, பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு எடுத்துப்போனது, இன்னும் லண்டனில் இருக்கிறது. அடிவாரத்து மியூசியத்தில், குன்றின் மேலுள்ள இன்னொரு கோயிலின் பெண் உருவத் தூண்கள் ஐந்தை நிறுத்தி, லண்டனில் இருக்கும் ஆறாவதுக்கு இடம் காலியாக விட்டிருக்கிறார்கள். அந்த வெற்றிடத்தைப் பார்த்தபோது மனசு கனத்துப்போனது.

கூட்டம் அதிகம் என்பதால் டிக்கெட்டிலேயே நுழையும் நேரத்தைக் குறித்துவிடுகிறார்கள். 2023, 2024 கோடைகளில் வெயில் தாங்காமல் நடுப்பகலில் குன்றையே மூடிய நாட்களும் உண்டு. அதனால் காலையில் முதல் நேரத்தையே எடுங்கள்.

அப்புறம் கீழே அகோரா. அங்குள்ள மியூசியத்தில் பானை ஓடுகளைத் தவறவிடாதீர்கள். யாரை நாடு கடத்துவது என்று மக்கள் பெயர் கீறிப் போட்ட ஓடுகள் அவை. குறைந்தது 6,000 ஓடு விழுந்தால், அதிகம் பெயர் வந்தவர் பத்து ஆண்டு வெளியேற வேண்டும். அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் பெயர் கீறிய 190 ஓடுகள் கிடைத்தன. எழுத்தைப் பார்த்தால் 14 பேர் கைவரிசைதான். யாரோ முன்கூட்டியே எழுதிக் கட்டாக வைத்திருக்கிறார்கள்!

டெல்பிக்கு லியோசியோன் பஸ் நிலையத்திலிருந்து போக மூன்று மணி நேரம், வரவும் அவ்வளவு. நாளில் பாதி பஸ்ஸிலேயே போய்விடும், உண்மைதான். ஆனால் பர்னாசஸ் மலைச்சரிவில் இறங்கியதும் அந்தக் கணக்கெல்லாம் மறந்துபோகும். கீழே பள்ளத்தாக்கு முழுக்க ஒலிவ மரங்கள், தலைக்கு மேலே செங்குத்தான பாறை.

எல்லோரும் அப்பல்லோ கோயிலின் ஆறு தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறார்கள். நீங்கள் அதற்குக் கீழே கோயில் மேடையைத் தாங்கும் சுவரருகே நில்லுங்கள். வளைந்த விளிம்புள்ள கற்களை இடுக்கே இல்லாமல் கோத்திருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் பொடிப்பொடியாக எழுத்து, அடிமைகள் விடுதலையான பத்திரங்கள், நூற்றுக்கணக்கில். அடிமையை விடுவிக்க, கடவுளுக்கு விற்றதாக எழுதுவார்கள். பணத்தைக் கட்டுவது பெரும்பாலும் அந்த அடிமையேதான். விலை, சாட்சிகள், எல்லாம் அதில் இருக்கும். எஜமானர் சாகும்வரை கூடவே இருந்து வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் பலவற்றில் உண்டு. பார்த்தினனைக் கட்டவைத்த ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் பெயர் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. காசு சேர்த்துத் தன்னையே மீட்டுக்கொண்ட ஒரு பெண்ணின் பெயரை, வெட்டிய கல்லிலேயே பார்ப்பது இங்கேதான். எனக்கு டெல்பி முந்துவதற்குக் காரணம் இந்தச் சுவர்தான்.

டெல்பி மியூசியத்தில் 1896இல் கிடைத்த வெண்கலத் தேரோட்டி நிற்கிறான். கிட்டப் போய்ப் பாருங்கள், கண்ணிமை முடிகூட அப்படியே இருக்கிறது.

பழைய கோட்டை நகரமான மைசீனையை ஒரு நாளுக்கு நான் சொல்லமாட்டேன். சிங்க வாசல் அற்புதம்தான், ஆனால் பொதுப் பஸ்ஸில் போனால் கடைசியில் சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். கடலோரக் கோயில் இருக்கும் சூனியன் முனை அரை நாளில் முடிந்துவிடும், மாலை மட்டும் இருந்தால் போகலாம்.

சாயங்காலம் விமானம் என்றால் டெல்பியை நினைக்காதீர்கள், ஏதென்ஸே சரி. முழு நாளும் கையில் இருந்தால் காலையில் முதல் பஸ். இறங்கியதும் திரும்பும் பஸ் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் உச்சி வெயிலுக்கு மியூசியத்தை வைத்துக்கொண்டு, அதன் பிறகு சுவரருகே போங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் அந்த எழுத்துகள் கண்ணுக்குப் புலப்படும்.