கடல் தூண்டில் கற்க யாரிடம் போவது: வழிகாட்டியா, குப்பத்துப் பெரியவரா, ராடு பிடித்த மூத்தவரா?

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய குப்பங்களில் சனிக்கிழமை விடியலில் தூண்டில் ராடும் நரம்பு சுற்றும் ரீலுமாக வந்து இறங்கும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த ரீல் வாங்கலாம் என்பதைத்தான். யாரிடம் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்பவர் அரிது. ரீலைத் தவறாக வாங்கினால் பாதி விலைக்காவது விற்றுவிடலாம். தவறாகக் கற்ற ஒரு பழக்கத்தைக் கைவிட எனக்கு இரண்டு ஆண்டுகளும் ஒரு ராடும் செலவாயின. பொழுதுபோக்காகக் கடலில் தூண்டில் போடக் கற்க விரும்புகிறவருக்கு இன்று மூன்று வகை ஆசான்கள் கிடைக்கிறார்கள்: பணம் கட்டினால் படகோடு வரும் வழிகாட்டி, பரம்பரையாகக் கடலுக்குப் போகும் குப்பத்துப் பெரியவர், நம்மைப் போல வேறு வேலை பார்த்துக்கொண்டே பல ஆண்டுகள் ராடு பிடித்துத் தேர்ந்த மூத்தவர். மூவரிடமும் கற்றவன் என்ற முறையில் அவர்களை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஒப்பிட எனக்கு இரண்டு கேள்விகள் போதும். காற்றும் அலையும் சரியில்லாத நாளில் ‘இன்று வேண்டாம்’ என்று அந்த ஆசானால் சொல்ல முடியுமா? நான் தப்புச் செய்யும்போது அதை என் முகத்துக்கு நேராகச் சொல்வாரா? எத்தனை கிலோ மீன் கிடைத்தது என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டான நல்ல பார் ஒன்றின்மேல் படகை நிறுத்திவிட்டால் நேற்று வந்தவனுக்கும் மீன் கிடைக்கும்.

ஆசானே வேண்டாம், வீடியோ போதும் என்பவர்களுக்காக ஒரு பத்தி எழுதிவிட்டு மேலே போகிறேன். அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி நீட்டியிருக்கும் அமைப்பை அரசு ஆவணங்கள் ‘தூண்டில் வளைவு’ என்கின்றன; பெயர்ப் பொருத்தம் பாருங்கள், நகரத்துத் தூண்டில்காரர்கள் பலர் தொடங்குவதும் அதன்மேல்தான். நானும் அங்கே ஓராண்டு நின்றேன். ஒரு நாள் மாலை பெரிதாக ஏதோ கவ்வியது. மீன் இழுக்கும்போது ரீல் எவ்வளவு நரம்பை விடும் என்பதைக் கட்டுப்படுத்தும் ட்ராக்கை முழுவதும் இறுக்கி வைத்திருந்ததால் ஐந்து நொடியில் எல்லாம் முடிந்தது. திரும்பி வந்த தங்கூசியின் (நைலான் நரம்பின்) நுனி சுருள்சுருளாக இருந்தது. அப்படி இருந்தால் நரம்பு அறுபடவில்லை, முடிச்சு நழுவியிருக்கிறது என்று பொருள் என்பதை வேறொருவர் சொல்லித் தெரிந்துகொள்ள எனக்கு மேலும் ஓராண்டு பிடித்தது. வீடியோ முடிச்சுப் போடக் காட்டும். நாம் போட்ட முடிச்சை அது பார்ப்பதில்லை. பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கும்போது கை கொடுக்கவும் ஆள் இருக்காது.

வழிகாட்டியோடு நான் போனது அந்தமானில், ஜிடி என்று தூண்டில்காரர்கள் அழைக்கும் பெரும்பாரை மீனுக்காக. மூன்று நாளில் பதினொரு மீன் பிடித்தேன். மூன்று நாளில் ஒரு முடிச்சுகூட நான் போடவில்லை. பிஇ 8 பிரெய்டு என்னும் தடித்த பின்னல் நரம்பு கட்டிய ராடு கையில் தயாராக வரும், நீர்ப்பரப்பில் தெறித்து வரும் செயற்கை இரையான பாப்பரை எறிய வேண்டிய இடத்தை அவர் விரலால் காட்டுவார், “இப்ப எறிங்க சார், நல்லா இழுங்க சார்” என்பார். மீன் படகருகே வந்ததும் நான் ராடைத் தலைக்குமேல் செங்குத்தாகத் தூக்கினேன். அந்தக் கோணத்தில் பளு முழுவதும் ராடின் நுனிப்பகுதியில் விழும் என்பதும், கனத்த மீன் அப்போது ஒருமுறை கீழே பாய்ந்தால் ராடு ஒடியும் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் “பரவாயில்ல சார்” என்று சொல்லிக்கொண்டே தம் கையால் ராடைக் கீழே அழுத்தினார். நான் அதை உதவி என்று நினைத்துக்கொண்டேன். திருத்தம் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு ஆண்டு கழித்துக் கோவளத்துக்கு வெளியே, அழுத்திப் பிடிக்க ஆளில்லாதபோது, அதே பழக்கத்தால் என் சொந்த ராடு ஒடிந்தது. (1939இல் தொடங்கிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி மீன் கவ்விய பிறகு ராடை வேறொருவர் தொட்டால் அந்த மீன் சாதனைக் கணக்கில் சேராது. என் பதினொன்றில் எத்தனை தேறும் என்று நான் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.)

இரண்டாம் நாள் காலை காற்று ஏறியிருந்தது. அவர் கடலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு கயிற்றை அவிழ்த்தார். முன்பணம் கட்டி விமானம் ஏறி வந்த நான்கு பேரைக் கரையில் உட்கார வைப்பது அவர் நிலையில் எளிதன்று. நானாக இருந்தாலும் கிளம்பியிருப்பேன். இருவர் வாந்தி எடுத்ததோடு அன்றைய பயணம் முடிந்தது. அவரிடம் குறையே கண்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பிடித்த மீனைத் திருப்பி விடுவதை அவரைப் போல வேறு யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை: மீன் கழன்றுவிடாமல் தடுக்கும் தூண்டில் முள்ளின் எதிர்முள்ளை முன்கூட்டியே நசுக்கி வைப்பது, செவுளில் விரல் விடாமல் வாலையும் வயிற்றையும் தாங்கிக் கிடையாகப் பிடிப்பது, தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து அதுவாக உதறும்வரை காத்திருப்பது. உயிர்காப்பு உடுப்பு போடாதவரை அவர் படகில் ஏற்றவும் இல்லை.

குப்பத்துப் பெரியவரிடம் நான் போய்ச் சேர்ந்தபோது அவரும் முதல் மூன்று மாதம் என்னைச் சார் என்றே அழைத்தார். அந்த மூன்று மாதத்தில் நான் கற்றது மிகக் குறைவு. சார் என்று அழைக்கப்படுகிறவனை யாரும் திட்டுவதில்லை. நான்காவது மாதத்தில் ஒரு நாள், முப்பது மீட்டர் ஆழத்தில் களவாவுக்குக் கைத்தூண்டில் இறக்கியிருந்தோம். பிடிமானம் போதவில்லை என்று நான் தங்கூசியை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். “டேய், கைய உருவுடா!” என்று ஒரு சத்தம் வந்தது. உருவிய அடுத்த கணம் நரம்பு படகின் விளிம்பை அறுத்துவிடுவதுபோல் ஓடியது. அவர் தம் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். முதல் கணுவுக்குக் கீழே வெள்ளையாக ஒரு பழைய தழும்பு விரலைச் சுற்றி ஓடியது. பிறகு பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய இரண்டு ரப்பர் வளையங்களை என் விரல்களில் மாட்டி, “இத்தோட விட்டுப் புடி தம்பி, அது இழுத்தா குடு, நின்னா வாங்கு” என்றார். அன்றிலிருந்து நான் தம்பி.

ரீலின் ட்ராக் என்ன செய்கிறது என்பதை அந்த ரப்பர் வளையம்தான் எனக்கு விளக்கியது. எவ்வளவு விடுவது, எப்போது பிடிப்பது என்பதை விரல்தோல் ஒருமுறை உணர்ந்துவிட்டால், பிறகு ரீலில் திருகைத் திருப்பும்போது கைக்கு அளவு தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால், மேலே சொன்ன சங்கத்தின் கணக்கில் கைத்தூண்டில் மீனுக்கு இடமே இல்லை. அவர் வாழ்நாளில் பிடித்த அத்தனையும் அங்கே பூஜ்யம்.

கடலைப் பற்றி அவரிடம் கற்றதை ராடு விற்கும் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். பிப்ரவரி, மார்ச்சிலிருந்து தெற்கே இருந்து வடக்கே ஓடும் வெள்ளம், அதாவது கடல் நீரோட்டம், தெண்டி. வடகிழக்குப் பருவக்காலத்தில் வடக்கே இருந்து தெற்கே ஓடுவது வன்னி. எது ஓடுகிறது என்று தெரியாமல் நங்கூரம் போட்டால் இரை பாரின்மேல் போகாமல் வெறும் மணலில் போய் விழும். வெள்ளம் கடுமையாக ஓடும் நாளில் 60 கிராம் ஜிக் (கனமான உலோக இரை) தரையைத் தொடுவதற்குள் படகு பாரைத் தாண்டிவிடும். ஆலாப் பறவைகள் கூடிப் பாய்ந்தால் கீழே பொடிமீன் கலைகிறது என்றும், உயரத்தில் சும்மா வட்டமிட்டால் கூட்டம் ஆழத்தில் இருக்கிறது என்றும் அவர் கணித்து வழி சொல்வார். கரையிலிருக்கும் கோபுரம், புகைபோக்கி, உயர்ந்த கட்டடம் என இரண்டு இரண்டாக நேர்கோட்டில் வைத்து, அந்தக் கோடுகள் வெட்டும் இடத்தில் பாரைக் கண்டுபிடிப்பார். என் ஜிபிஎஸ் கருவி காட்டிய புள்ளி அவர் நிறுத்திய இடத்துக்கு ஒரு படகு நீளம்தான் தள்ளி இருந்தது. புதிதாக முளைத்த அடுக்குமாடி ஒன்று பழைய அடையாளத்தை மறைத்துவிட்டதாக அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கரையருகே அலை உடையும் அலைவாயைக் கடப்பது. விடியற்காலை நான்கரை மணிக்கு ஃபைபர் படகின் அணியத்தில் (முன்முனையில்) கை வைத்தபடி அவர் நிற்பார். நாங்கள் இடுப்பளவு நீரில் இருபுறமும் பிடித்திருப்போம். பெரிய அலைகள் வரிசையாக வந்து ஓயும்வரை அவர் வாய் திறக்கமாட்டார். சில நாளில் பத்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டு, “தூக்கி மேல போடு” என்பார். அன்றைக்குக் கடல் இல்லை. பிழைப்பு அதில் இருந்தும் அவரால் அதைச் சொல்ல முடிந்தது.

அவரிடம் கற்கக் கூடாதவையும் உண்டு. உயிர்காப்பு உடுப்பை அவர் உட்காரும் மெத்தையாகப் பயன்படுத்துவார். பிடித்த மீனை விடுவது அவருக்குப் பைத்தியக்காரத்தனம்: “விடுறதுக்கா தம்பி இவ்ளோ எண்ணெ செலவு?” திமிங்கலச் சுறாவும் வேளா மீனும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, மாட்டினால் நரம்பை வெட்டிவிட வேண்டும் என்பதை அவருக்கு நான்தான் சொன்னேன். ராடு அவருக்குக் கம்பு. அவர் படகில் போவதற்குமுன் குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்வதும், மீன்பிடிப் படகில் வெளியாள் ஏறுவதுபற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவதும் நம் பொறுப்பு. பணம் பேசும்போது பேரம் கூடாது: நாம் ஏறிய இடத்தில் ஏறாத ஓர் ஆளின் பங்கையும் எண்ணெய்ச் செலவையும் கொடுத்துவிட்டு, மீனை அவரிடமே விட்டுவிட வேண்டும்.

மூன்றாமவர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இருபது ஆண்டுக்கு மேலாக ராடு பிடிப்பவர். என் ஒடிந்த ராடைப் பார்த்ததும் “எத்தனை மணிக்கு முள்ளு காட்டிட்டிருந்துச்சு?” என்றார். கடிகாரத்தில் பத்து மணி நிலைக்குமேல் ராடு ஏறக் கூடாது என்பது அவர் கணக்கு. பிரெய்டை முன்நரம்போடு இணைக்கும் எஃப்ஜி முடிச்சை ஈரக்கையால், விளக்கை அணைத்துவிட்டு, ஐம்பது முறை போடச் சொன்னார். நாற்பத்தாறாவது முறைதான் நழுவாமல் நின்றது. சுருள்வில் தராசை ராடு வழியே வந்த நரம்பில் மாட்டி இழுத்து, 15 கிலோவில் அறுபடும் நரம்புக்கு ட்ராக்கை 4 கிலோவுக்கு மேல் வைக்காதே என்று எண்ணிலேயே சொல்லிக்கொடுத்தார். ரப்பர் வளையத்தில் நான் உணர்ந்தது அந்தத் தராசில் எண்ணாக நின்றது. வாரத்துக்கு ஒரு நாள்தான் கிடைப்பார், அடுத்தவர் படகை நம்பியே இருப்பார், அலைவாயில் எங்களைப் போலவே வாய் மூடி நிற்பார். இன்னொரு நோயும் அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது: வீட்டில் இப்போது ஏழு ரீல் இருக்கிறது.

ஆகவே ஒருவரை மட்டும் தேர்ந்தெடு என்றால் பெரியவரைத்தான் சொல்வேன். வடகிழக்குப் பருவம் ஓய்ந்த ஜனவரியில் தொடங்கி ஒரு பருவம் முழுவதும், ராடே இல்லாமல் கைத்தூண்டிலோடு. அதற்கு நேரமில்லாதவர், அலுவலகத்துக்கு வாரம் ஆறு நாள் போகிறவர், மூத்தவரிடம் முடிச்சையும் ட்ராக்கையும் பழகிவிட்டுக் கடலுக்குப் பெரியவரோடு போகலாம். வழிகாட்டியிடம் கடைசியாகப் போங்கள். அப்போது அவர் கையில் முடிச்சைக் கொடுக்காமல் நீங்களே போட்டுக்கொள்வீர்கள், தப்பை வாய்விட்டுச் சொல்லுமாறு முதல் நாளே கேட்டுக்கொள்வீர்கள். கொடுத்த பணத்துக்கு அவரிடமிருந்து வரவும் அதிகம்.

சென்ற மார்ச்சில் ஒரு நாள் மூத்தவரைப் பெரியவரின் படகுக்கு அழைத்துப் போனேன். கடல்நிலையைக் கணிக்கும் அரசு மையமான இன்காய்ஸின் முன்னறிவிப்பு அன்று கடல் அமைதி என்றது. மூத்தவர் அதைக் கைப்பேசியில் காட்டினார். பெரியவர் அணியத்தில் கை வைத்து வெகுநேரம் நின்றுவிட்டு, வேண்டாம் என்றார். படகை மேலே தூக்கிப் போட்டுவிட்டு மூவரும் டீ குடித்தோம். பகல் முழுவதும் கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது; மூத்தவர் இரண்டு முறை அதைச் சொல்லிக் காட்டியும் பெரியவர் வலையைப் பழுதுபார்ப்பதிலிருந்து நிமிரவில்லை. மறுநாள் காலை மூன்றே முக்காலுக்கு எனக்குப் போன் வந்தது: “கப்பக்காரரையும் கூட்டினு வா தம்பி, இன்னிக்குப் போலாம்.”