ஹூஸ்டன் ஸ்பானிஷ் மளிகைக்கடை: வாயைத் திறந்து கேட்டால் கிடைக்கும் நல்ல சரக்கு

ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் சாலையில் நம் ஊர் மளிகைக்கடைகளும் நகைக்கடைகளும் வரிசைகட்டி நிற்கும் பகுதிக்கு மகாத்மா காந்தி டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். அதையொட்டியே இருக்கிறது கல்ஃப்டன். எல் சால்வடோர், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோ நாட்டுக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இடம். 2020 கணக்கெடுப்பின்படி ஹூஸ்டன் மக்களில் ஏறக்குறைய 44 சதவீதம் பேர் ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள். ஹாரிஸ் கவுன்டி வாக்குச்சீட்டு ஆங்கிலம், ஸ்பானிஷ், வியட்நாமியம், சீனம் என நான்கு மொழிகளில் அச்சாகிறது. இந்த ஊரிலேயே 1972இல் தொடங்கிய ஃபியெஸ்டா மார்ட் போன்ற பெரிய கடைகளும், தெருமுனைக் கறிக்கடைகளும் இங்கே பல லட்சம் பேருக்கு அன்றாடம்.

பருப்பு வாங்க ஹில்கிராஃப்ட் வரை வருகிற தமிழர்கள் பலர் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்துத் தெருவில் வெட்டித் தரும் ஆட்டுக்கறியையும், சுடச்சுட மக்காச்சோள ரொட்டியையும், இளசான சௌசௌவையும் தவறவிடுகிறார்கள். இந்த வகைக் கடைகளைப் பற்றிய எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கறி, காய், மாவு மூன்றும் அருமை. சமைத்த உணவுப் பகுதியில் சைவர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். ஆங்கிலம் மட்டும் பேசியும் வாங்கலாம்தான். ஆனால் அலமாரியில் இருப்பது மட்டுமே கைக்கு வரும். மேடைக்குப் பின்னால் இருப்பதை வாங்க முப்பது ஸ்பானிஷ் சொற்களாவது வேண்டும்.

அந்த முப்பது சொற்களை உச்சரிப்பது நமக்குக் கடினமில்லை. ஸ்பானிஷ் உயிரெழுத்து ஐந்தும் நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கின்றன. 'ஹலபேஞ்ஞோ' மிளகாயின் பெயரில் வரும் ஒலி நம் 'ஞ' தான். அவர்களின் ஒற்றை ர, இரட்டை ர வேறுபாடு, நாம் 'ர', 'ற' என்று எழுதுவதற்கு மிக நெருக்கம். 'காரோ' என்றால் விலை அதிகம்; 'காறோ' என்றால் கார். ஆங்கிலம் மட்டுமே பழகியவர்கள் திணறும் இடத்தில் தமிழ்க் குழந்தைகூடத் தடுமாறாது.

கறி மேடையிலிருந்து தொடங்கலாம். பெரிய கடைகளில் சிவப்புப் பெட்டியிலிருந்து எண் சீட்டைக் கிழித்துக்கொண்டு நிற்க வேண்டும். எண்ணை ஸ்பானிஷில்தான் கூப்பிடுவார்கள். பலரும் முறையைத் தவறவிடுவது 'செசெந்தா' (60), 'செதெந்தா' (70) என்ற இரண்டில்தான். நடுவில் ஒரே ஒரு எழுத்து வேறுபாடு. மின்விசிறிச் சத்தத்திலும் ரம்பச் சத்தத்திலும் காதில் விழாது. எண் பலகை இருந்தால் அதைப் பாருங்கள். சின்னக் கடையில் சீட்டு இருக்காது. 'கியேன் சீகே?' என்று கேட்பார்கள்: அடுத்து யார்? அப்போது கையைத் தூக்கி 'யோ' என்று சொல்லிவிட வேண்டும். பேசாமல் நின்றால் பின்னால் வந்தவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

'கியேரோ' (எனக்கு வேண்டும்) என்று தொடங்குவதைவிட 'மே தா' (கொடுக்கிறீங்களா) என்று கேட்பது மரியாதை. நம் 'நீ', 'நீங்க' போலவே அங்கே 'தூ', 'உஸ்தெத்'. கடையில் யாரிடமும் 'உஸ்தெத்' போட்டே பேசுங்கள். கவனத்தைத் திருப்ப 'திஸ்குல்பே'. வெட்டுகிற ஆண் ஊழியரை 'ஹோவென்' என்று கூப்பிடலாம். நாம் 'தம்பி' என்போமே, அது மாதிரி.

வெள்ளாட்டுக்கறிக்கு 'ச்சீவோ'. பால்குடி மாறாத குட்டி என்றால் 'கப்ரீத்தோ', செம்மறி என்றால் 'பொறேகோ'. குழம்புக்குக் கேட்க வேண்டிய முழு வாக்கியம்: 'மே தா தோஸ் லீப்ராஸ் தே ச்சீவோ, கோன் வேசோ, என் த்ரோசோஸ் ச்சீகோஸ், போர் ஃபவோர்'. இரண்டு பவுண்டு வெள்ளாடு, எலும்போடு, சின்னத் துண்டுகளாக. ஒரு லீப்ரா 454 கிராம். ஆக, கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 'ச்சீகோஸ்' என்பதை விட்டுவிட்டால் அவர்கள் சூப்புக்கு வெட்டுகிற அளவில், உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு வந்து சேரும். பல இடங்களில் ஆடு உறைந்த நிலையில்தான் இருக்கும். அதை மின்ரம்பத்தில் அறுப்பார்கள். எலும்புத்தூள் கறியெங்கும் ஒட்டியிருக்கும். மூன்று தண்ணீராவது அலசாவிட்டால் குழம்பின் அடியில் மணல் போல நறநறக்கும். வயதான ஆடாக இருந்தால் குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று விசில் கூட விடுங்கள். ஆட்டுக்கால் கேட்கும்போது வெறும் 'பாத்தா' என்று சொன்னால் மாட்டுக்கால் வரும். 'பாத்தா தே ச்சீவோ' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கோழிக்கு 'போயோ', தோல் வேண்டாமென்றால் 'ஸின் பியேல்'.

மாட்டுக்கறி தவிர்ப்பவர்கள் ஒன்றை மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். 'கார்னே' என்று தனியாகச் சொன்னால் பெரும்பாலும் மாட்டுக்கறி என்றே பொருள்படும். 'கார்னே மோலீதா' என்பது மாட்டுக் கொத்துக்கறி. டெக்சஸில் வார இறுதி 'பார்பகோவா' பெரும்பாலும் மாட்டுத் தலைக்கறி. 'மெனூதோ' மாட்டுக் குடல் சூப்.

இதே காரணத்தால்தான் சைவர்களும் ஏமாறுகிறார்கள். 'ஸின் கார்னே' (கறி இல்லாமல்) என்று கேட்டால், கோழியும் பன்றித் தொடைக்கறியும் போட்ட தட்டு வரலாம். கேட்ட வார்த்தைப்படி அது சரியான தட்டுதான். 'ஸின் கார்னே, ஸின் போயோ, ஸின் ஹமோன், ஸின் மாந்தேகா' என்று ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். கடைசிச் சொல்தான் உயிர்நாடி. 'மாந்தேகா' என்றால் பன்றிக்கொழுப்பு. 'மாந்தேகீயா' என்றால் வெண்ணெய். மசித்து வதக்கிய பீன்ஸில் இந்தக் கொழுப்பு சேர்ப்பது மரபு. சில கடைகளில் தாவர எண்ணெய்க்கு மாறியிருக்கிறார்கள். தாவரக் கொழுப்பையும் சிலர் 'மாந்தேகா' என்றே சொல்வார்கள். ஆகவே 'யேவா மாந்தேகா தே புவேர்கோ?' (இதில் பன்றிக்கொழுப்பு சேருமா?) என்று முழுதாகக் கேளுங்கள். சிவப்புச் சோறு பார்க்கத் தக்காளிச் சாதம் மாதிரியே இருக்கும். பெரும்பாலும் கோழிச் சாற்றிலோ கோழிச் சாறு பொடியிலோ வேகவைத்தது. தமால் என்பது மக்காச்சோள மாவுக்குள் பூரணம் வைத்து அவிப்பது, நம் கொழுக்கட்டை மாதிரி. மிளகாயும் சீஸும் வைத்த தமாலைச் சைவம் என்று நம்பி வாங்குகிறார்கள். உள்ளே வைத்தது சைவம், சுற்றியிருக்கும் மாவில் கொழுப்பும் கறிச்சாறும். இனிப்புத் தமாலும் இதற்கு விலக்கில்லை.

சைவர்கள் தயங்காமல் போகக்கூடிய இடம் மக்காச்சோள ரொட்டி ('தோர்த்தியா') மேடை. இந்தக் கடைகளின் உண்மையான பெருமை அதுதான். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொதிக்க வைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவிப் போக்கி, கல்லில் அரைக்கிறார்கள். சுண்ணாம்பின் அளவு சோளத்தின் எடையில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. அதனால்தான் மாவு பிசுபிசுப்போடு சேர்ந்து வருகிறது, நியாசின் என்னும் பி வைட்டமினும் உடம்பில் சேர்கிறது. வெறும் சோளமாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் விரிசல் விட்டுப் போவதற்குச் சுண்ணாம்பு இல்லாததே காரணம். எல்லாக் கடையும் சோளத்தை ஊறவைத்து அரைப்பதில்லை. சில இடங்களில் பாக்கெட் மாவைக் கரைத்தே எந்திரத்தில் விடுகிறார்கள். 'எஸ் தே நிஸ்தமால்?' என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஊறவைத்து அரைத்ததில் ஈர மண் வாசனையும், விரலில் லேசான சுண்ணாம்பு மணமும் இருக்கும்.

வீட்டில் தட்டிச் சுட ஈரமாவாகவும் வாங்கலாம். இங்கே நடக்கும் தவறு மிகப் பெரியது. மேடையில் இரண்டு வகை மாவு பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 'மாசா பிரெபராதா' தமாலுக்கானது. கொழுப்பு, உப்பு, சாறு எல்லாம் ஏற்கெனவே சேர்ந்தது. அதில் ரொட்டி தட்டினால் கல்லில் ஒட்டிக்கொண்டு பொடிப்பொடியாக உதிரும், சைவமும் கெடும். கேட்க வேண்டியது 'மாசா பாரா தோர்த்தியாஸ்'. ஒரு பவுண்டு மாவில் முப்பது கிராம் உருண்டையாகப் பதினைந்து வரும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இரண்டு நாளில் புளித்துவிடும், தோசைமாவு போல அந்தப் புளிப்பு ருசிக்காது.

காய்கறிப் பகுதியில் ஒரே பொருளுக்கு நாட்டுக்கு ஒரு பெயர். சௌசௌ மெக்சிகோக்காரருக்கு 'ச்சயோத்தே', சால்வடோர்க்காரருக்கு 'குவிஸ்கீல்'. மெக்சிகோக்காரரிடம் 'பிளாத்தனோ' என்றால் வாழைப்பழம், சமையல் வாழை 'பிளாத்தனோ மாச்சோ'. சால்வடோர்க்காரரிடம் பழம் 'கினேயோ', 'பிளாத்தனோ' என்றாலே சமையல் வாழை. பஜ்ஜிக்கு வேண்டுமானால் 'வெர்தே' (பச்சை) என்று சேர்த்துக் கேளுங்கள். பேக்கரிப் பகுதியில் 'கேசதீயா' என்று சால்வடோர்ப் பெண்மணி நீட்டுவது அரிசிமாவும் சீஸும் சேர்த்துச் சுட்ட இனிப்பு. சீஸ் வைத்து மடித்த ரொட்டியை எதிர்பார்த்தவர் குழம்புவார். 'வெர்தோலாகாஸ்' என்று கட்டுக் கட்டாக அடுக்கியிருப்பது நம் பருப்புக்கீரை. பச்சை மிளகாய்க்கு 'செறானோ' வாங்குங்கள். ஹலபேஞ்ஞோ சதைப்பற்றானது, தாளித்தால் தண்ணீர் விடும். காய்ந்த மிளகாயில் காரத்துக்கு 'ஆர்போல்', நிறத்துக்கு 'குவாஹீயோ'. நல்ல குவாஹீயோவை வளைத்தால் தோல் போல மடங்கும், ஒடிந்தால் பழசு. எலுமிச்சைக்கு 'லிமோன்' போதும், நம் ஊர்ப் பச்சைக்காய் மாதிரியே வரும். 'சப்போட்டா' என்ற நம் சொல்லே அவர்களின் 'சப்போத்தே'யிலிருந்து வந்தது. நம் மாங்காய் போர்த்துகீசியர் வாயில் நுழைந்து அவர்களுக்கு 'மாங்கோ' ஆனது.

பன்னீருக்கு மாற்று வேண்டுமென்றால் 'கேசோ பனேலா'. வாணலியில் வறுத்தாலும் உருகாது, ஓரம் பொன்னிறமாகும். உப்பு கொஞ்சம் கூடுதல் என்பதால் குழம்பில் உப்பைக் கடைசியில் பார்த்துப் போட வேண்டும்.

பேக்கரிப் பகுதியில் தட்டையும் இடுக்கியையும் நீங்களே எடுத்துக்கொண்டு பொறுக்க வேண்டும். சூடான 'போலீயோ' என்னும் சின்ன ரொட்டியைத் தவறவிடாதீர்கள். இனிப்பு ரொட்டிகள் பெரும்பாலானவற்றில் முட்டை உண்டு.

குறைகளும் உண்டு. சொந்த ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களின் வரிசை வெள்ளி மாலையில் கடைக்குள்ளேயே நீண்டு, தள்ளுவண்டி நுழைய இடமிருக்காது. சமைத்த உணவில் சேர்மானப் பட்டியல் ஒட்டியிருப்பது அரிது. ஊழியரின் வாய்வார்த்தைதான் ஆதாரம். சைவத்துக்கும் கறிக்கும் ஒரே கல், ஒரே கரண்டி. ஹலால் முத்திரை பெரும்பாலும் கிடையாது. நீங்கள் திக்கினால் அவர்கள் அன்போடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்' (கொஞ்சம் மெதுவா) என்றால் ஸ்பானிஷிலேயே பொறுமையாகத் தொடர்வார்கள். அப்போதுதான் 'இன்று வந்த ஆடு உள்ளே இருக்கிறது, அதை வெட்டட்டுமா' என்பது போன்ற பேச்சே தொடங்கும்.

மக்காச்சோள ரொட்டியைக் கடைசியாக வாங்குங்கள். நெகிழிப் பையில் சூடாகக் கட்டித் தருவது காருக்குள் வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பையின் வாயைத் திறந்து வைத்து, வீட்டுக்குப் போனதும் பருத்தித் துணியில் சுற்றிவிட்டால் இரவுச் சாப்பாடு வரை மடித்தாலும் கிழியாது.