நுண்துகள் அளவியும் நெல்லை மழையும்: ஒரு மதிப்பீடு

காற்றில் மிதக்கும் நுண்துகள்களை அளந்து காட்டும் சிறு கருவிகள் இப்போது திருநெல்வேலி மின்னணுக் கடைகளிலும் கிடைக்கின்றன. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில், ஐப்பசி அடைமழையிலிருந்து ஆடிக் காற்று வரை வைத்துப் பார்த்த ஒன்றைப் பற்றியது இந்த மதிப்பீடு. விற்றவர், "அளவு ஏறினால் மழை தள்ளிப்போகும், இறங்கினால் மழை வரும், நீங்களே பார்க்கலாம்" என்று சொல்லிக் கொடுத்ததால், அந்த வாக்கையும் சேர்த்தே சோதித்தேன்.

வீட்டுப் புகையை அறிய இது தாராளமாகப் போதும். உள்ளே ஒரு சிறு விசிறி காற்றை இழுக்க, லேசர் ஒளியைத் துகள்கள் சிதறடிப்பதைக் கொண்டு பி.எம். 2.5 அளவு, அதாவது 2.5 மைக்ரானும் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குச் சிறியதுமான துகள்களின் அளவு, கணிக்கப்படுகிறது. தாளிப்புப் புகைக்கும், தீபாவளி இரவுக்கும், பக்கத்து மனையில் சருகு எரிப்பதற்கும் எண் உடனே ஏறுகிறது. ஆனால் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்னும் இந்திய 24 மணி நேர வரம்பையா, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த 15-ஐயா, எதை வைத்துத் திரை பச்சையாகிறது என்று கையேட்டில் ஒரு வரி கூட இல்லை.

இனி மழைக்கு வருவோம். துகளே இல்லாத காற்றில் நீராவி துளியாகத் திரள, ஈரப்பதம் நூறு சதவீதத்தைப் பல மடங்கு தாண்ட வேண்டும். துகள் இருந்தால், அதையே கருவாகக் கொண்டு நீர் திரள்வதால், சற்றே தாண்டினால் போதும். ஆகவே தூசி மழைக்குப் பகையன்று. சிக்கல், துகள் மிகும்போதுதான்: அதே நீர் ஏராளமான கருக்களுக்குப் பங்கிடப்பட, துளிகள் சிறுத்து, ஒன்றோடொன்று மோதிப் பெருக இயலாமல் மேகத்திலேயே நின்றுவிடுகின்றன. ஒரு மழைத்துளிக்குச் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் கூட வேண்டும் என்பதை நினைத்தால், இந்தத் தடை எவ்வளவு பெரிது என்பது விளங்கும். நகர, ஆலைப் புகை இவ்வாறு மழையை அடக்குவதைச் செயற்கைக்கோள் தரவுகளில் இஸ்ரேலிய வளிமண்டல ஆய்வாளர் டேனியல் ரோசன்ஃபெல்ட் 2000-இல் காட்டினார். ஓங்கி வளரும் இடிமேகங்களில், பெய்யாது தங்கிய நீர் மேலே சென்று உறைந்து வெப்பத்தை விடுவிப்பதால் மழை வலுக்கக்கூடும் என்றும் ஒரு கருத்து உண்டு. அதைப் பற்றி ஆய்வாளரிடையே விவாதம் ஓயவில்லை. மன்னார் வளைகுடாக் காற்றில் வரும் பெரிய கடலுப்புத் துகள்களோ விரைவாகப் பெருந்துளிகளை உண்டாக்கி, புகையின் தடையை ஓரளவு தளர்த்த வல்லவை.

இவற்றில் எதையும் இந்தக் கருவி காண்பதில்லை. இவ்வகை லேசர் அளவிகள் 0.3 மைக்ரானுக்குக் கீழே அநேகமாகக் குருடு. மேகக் கருக்களில் மிகப் பெரும்பகுதி 0.1 மைக்ரானை ஒட்டியவை. மேலும் திரையில் வருவது எடை, மேகத்துக்கு வேண்டியது எண்ணிக்கை: ஒரு மைக்ரான் துகள் ஒன்றின் எடையில், அதே பொருளாலான 0.1 மைக்ரான் துகள்கள் ஆயிரம் அடங்கும்.

விற்றவரின் விதியும் நிற்கவில்லை. ஐப்பசியில் மழைக்குப் பின் எண் இறங்கியது உண்மை. மழைதான் காற்றைக் கழுவியது, எண் இறங்கியதால் மழை பெய்யவில்லை. ஆடியில் மேற்குக் காற்று புகையை அடித்துச் சென்று எண்ணைத் தாழ்த்தியபோதும், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ள பாளையங்கோட்டை காய்ந்தே கிடந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது குமரிக் கடல் பக்கத்து வளிமண்டலச் சுழற்சியால். அத்தகைய மழையை மாடியில் வைத்த அளவியிடம் கேட்பது வீண்.

ஆயினும் இதன் ஒரு குறை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மார்கழி விடியலில், புகையே இல்லாதபோதும், பனி இறங்க இறங்க எண் ஏறும். உப்பும் சல்பேட்டும் ஈரத்தை உறிஞ்சி உப்புவதால் ஒளி கூடுதலாகச் சிதறுகிறது. தரமான கண்காணிப்பு நிலையங்களில் காற்றை உலர்த்திய பின்பே அளப்பது இதற்காகத்தான். அளவுமானியாக இது பிழை, ஆனால் மேகத்துளி பிறப்பதன் முதற்படியும் இதுவே.

சமையலறைக்கும் ஆஸ்துமாக்காரர் வீட்டுக்கும் தயங்காமல் வாங்கலாம். மழைமேல் ஆசையுள்ளவர்கள், இதைவிடப் பல மடங்கு மலிவான மழைமானி ஒன்றை வாங்கி, வானிலை ஆய்வு மையத்தார் செய்வதுபோல் காலை 8.30-க்கு அளந்து, பாளையங்கோட்டை நிலையக் கணக்கோடு ஒப்பிட்டு வரலாம்.