கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு எது உதவும்: துணை மாணவரா, ஜிக்சா குழுவா?

துணை மாணவர் என்றால் அந்தப் பிள்ளையோடு கூடவே இருக்க ஆசிரியர் அமர்த்தும் சக மாணவர். ஜிக்சா என்றால் ஆளுக்கொரு பகுதியைப் படித்து, குழுவில் மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் முறை.

செலவு: இரண்டுக்கும் இல்லை.

தயாரிப்பு: துணை மாணவரை ஒரே நாளில் அமர்த்திவிடலாம், இருவராக இருந்தால் ஒருவர் லீவு போட்டாலும் சமாளிக்கலாம். ஜிக்சாவுக்குப் பாடத்தை 5 அல்லது 6 துண்டாகப் பிரித்து குழுவில் ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். ஒரு துண்டைப் பெற்றவர் சொல்லித்தராவிட்டால் குழுவுக்கு அந்தப் பகுதி தெரியாது. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் கொண்டுவந்த முறை இது.

பிசகும் இடம்: "டீச்சர் சொன்னாங்க, அதான் உட்கார்ந்தேன்" என்று துணை மாணவர் சொல்லிவிட்டால் போச்சு. இரக்கம் வேறு, நட்பு வேறு. ஜிக்சாவில் திக்கிப் பேசுபவரை மற்றவர்கள் அவசரப்படுத்துவார்கள். அதனால்தான் வெவ்வேறு குழுக்களில் ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் கூடிப் பேசிப் பழகுகிறார்கள். நேரமில்லை என்று இந்தப் படியை விட்டுவிடாதீர்கள்.

புதிதாகச் சேர்ந்து, மதிய இடைவேளையில் தனியே நிற்கும் பிள்ளைக்கு முதல் சில வாரம் துணை மாணவர் போதும். ஆண்டுக்கணக்கில் ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு ஜிக்சாதான்.