சீட்டில் எழுதியது ஒன்று, மெடிக்கலில் கொடுத்தது வேறு: கண் சொட்டு மருந்து வாங்குபவர்கள் கவனத்துக்கு

அந்தியூர் பக்கம் எங்கள் ஊரில் அம்மாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். வீட்டில் கண் சொட்டு மருந்து வைத்திருக்கிற யாராக இருந்தாலும் படித்துவிட்டு அந்தப் பாட்டிலை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

அம்மாவுக்கு ஒரு கண் சிவந்துபோய், காலையில் எழுந்தால் இமையே பிரிக்க முடியாத அளவுக்கு மஞ்சளாகப் பூளை ஒட்டிக்கொண்டிருந்தது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, இது பாக்டீரியா தொற்று என்று மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்கிற ஆன்டிபயாடிக்கின் 0.5 சதவீத சொட்டு மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் விடவேண்டும், அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு மெடிக்கலில் சீட்டைக் காட்டியதும், "அந்தக் கம்பெனி இப்ப வர்றதில்லீங்கம்மா, இதும் அதேதானுங்க, இன்னும் சீக்கிரமாக் கேக்கும்" என்று வேறொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பில்லும் கிடையாது. அது அதே மருந்து இல்லை. பெயருக்குப் பின்னால் 'டி' என்று ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது, கீழே பொடி எழுத்தில் மாக்ஸிஃப்ளாக்ஸசினோடு டெக்ஸாமெத்தசோன் 0.1 சதவீதம் என்று போட்டிருந்தது. டெக்ஸாமெத்தசோன் என்பது ஸ்டீராய்டு, அதாவது சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்குகிற மருந்து, கிருமியைக் கொல்லாது.

இதில் பெரிய ஆபத்தே, விட்டதும் சிவப்பு சட்டென்று வெளுத்துவிடும் என்பதுதான். அம்மாவுக்கும் வெளுத்தது, கடைக்காரர் மேல் நம்பிக்கையும் வந்துவிட்டது. அப்புறம் காட்டு வேலைக்குப் போய்க் கண் கொஞ்சம் உறுத்தினாலும் அதே கடை, அதே பாட்டில். சீட்டு எங்கே என்று ஒருதரம்கூடக் கேட்கவில்லை. "நல்லாக் கேக்குதில்லீங்க, இன்னொண்ணு வெச்சுக்கங்க" என்று அவர்களே எடுத்து நீட்டியிருக்கிறார்கள்.

கண்ணாடி மாற்றலாம் என்று கோயம்புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கண்ணுக்குள் இருக்கிற அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கவேண்டும், அம்மாவுக்கு 32. வலி இல்லை, பார்வையிலும் எதுவும் தெரியவில்லை, அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. என்ன மருந்து விடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டதும் அம்மா மஞ்சப்பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்து, ஒரு வரியின் மேல் நகத்தை வைத்து என்னிடம் காட்டினார். ஸ்டீராய்டு சொட்டை நாள்கணக்கில் விட்டால் சிலருக்கு இப்படி அழுத்தம் ஏறும், அப்படியே விட்டால் பார்வை நரம்பு போய்விடும், போனது திரும்பாது, கண்புரையும் வரலாம் என்றார். அம்மாவுக்கு நரம்பு தப்பித்தது. இப்போது அழுத்தம் குறைய வேறு சொட்டு விடுகிறோம், அடிக்கடி போய் அளந்து பார்க்கவேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் அவசியம் சொல்லவேண்டும். கரும்புச் சோகை கீறினாலோ, நெல் அடிக்கும்போது சுணை விழுந்தாலோ கருவிழியில் பூஞ்சைப் புண் வரலாம். அதற்கு இந்த ஸ்டீராய்டு கலந்த சொட்டை விட்டால் புண் இன்னும் ஆழமாகப் போகும். ஹெர்ப்பிஸ் வைரஸ் புண்ணுக்கும் அப்படித்தான். வெளியில் பார்த்தால் எல்லாமே வெறும் சிவந்த கண்தான், கடைக் கவுண்டரில் நின்று பார்த்து எது என்று யாராலும் சொல்லமுடியாது. மெட்ராஸ் ஐ என்கிறோமே, அது பெரும்பாலும் வைரஸ். அதற்கு ஆன்டிபயாடிக் சொட்டே வேலை செய்யாது, தானாகத்தான் ஆறும். கண் வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவராக இருந்தாலோ, பச்சைக் குழந்தையாக இருந்தாலோ, நேராகக் கண் டாக்டரிடம் போங்கள்.

பாட்டிலில் என்ன பார்க்கவேண்டும் என்றால், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசலோன், லோட்டிப்ரெட்னால், ஃப்ளூரோமெத்தலோன், இதில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. டாக்டர் எழுதியிருந்தால், அவர் சொன்ன நாள் வரைக்கும் மட்டும்.

சரியான மருந்தாகவே இருந்தாலும் விடுகிற முறை இருக்கிறது. கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கொதித்து ஆறின தண்ணீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் பூளையைத் துடைத்துவிட்டு, கீழ் இமையை இழுத்து அந்தக் குழியில் ஒரு சொட்டு போதும், இரண்டு மூன்று விட்டாலும் வழிந்துதான் போகும். பாட்டில் மூக்கு இமையிலோ மயிரிலோ படக்கூடாது. விட்டதும் கண்ணை மூடி மூக்கோரத்தை ஒரு நிமிஷம் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு சொட்டு மருந்தும் இருந்தால் 5 நிமிஷம் கழித்து. ஒருவர் பாட்டிலை இன்னொருவர் எடுக்கவேண்டாம். திறந்து ஒரு மாதம் ஆனால், மீதி இருந்தாலும் கொட்டிவிடுங்கள். சிவப்பு போய்விட்டது என்று பாதியில் நிறுத்தவும் வேண்டாம். இரண்டு மூன்று நாளில் குறையவே இல்லையென்றால் மறுபடி டாக்டரிடம்தான், மெடிக்கலுக்கு அல்ல.

அம்மா மருந்து வாங்கிய கடைக்கு நேரில் போய்க் கேட்டேன். "எல்லாரும் கொடுக்கறதுதானுங்க" என்றார்கள். இல்லை. ஷெட்யூல் எச் என்கிற பட்டியலில் இருக்கும் மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, சீட்டில் இருப்பதற்குப் பதிலாகக் கடைக்காரர் வேறொன்றைக் கொடுக்கவும் கூடாது என்று 1945 மருந்து விதிகளிலேயே இருக்கிறது. மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் பாட்டில் படத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பில் இல்லாததால் அந்தக் கடையில்தான் வாங்கியது என்று காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. 100 ரூபாய் மருந்தாக இருந்தாலும் பேட்ச் நம்பர் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள், தரமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.