கறவை நிறுத்தும்போது ஆன்டிபயாடிக்: எல்லா மாட்டுக்குமா, தேவைப்படும் மாட்டுக்கு மட்டுமா?

கன்று ஈனுவதற்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்திவிடுகிறோம். கடைசிக் கறவை முடிந்ததும் காம்புக்குள் ஆன்டிபயாடிக் ட்யூப் ஏற்றுவது பல பண்ணைகளில் பழகிப்போன வேலை. இதை எல்லா மாட்டுக்கும் நாலு காம்பிலும் செய்வது ஒரு வழி. சோதித்துப் பார்த்து, மடியில் தொற்று உள்ள மாட்டுக்கு மட்டும் செய்வது இன்னொன்று.

முதல் வழி, 1960-களில் பிரிட்டனில் உருவான ஐந்து அம்ச மடிநோய்த் திட்டத்தோடு பரவியது. அப்போது பெரும் தலைவலி, கறப்பவர் கையாலும் கறவை இயந்திரத்தாலும் மாட்டுக்கு மாடு தொற்றும் ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே ஆகிய கிருமிகள். எந்த மாட்டுக்குத் தொற்று என்று தேடிக்கொண்டிருக்காமல் எல்லாவற்றுக்கும் ஏற்றியது அன்று பலன் தந்தது. பதிவேடே இல்லாத பண்ணைக்கும் அது ஒத்துவரும். ஆனால் மடி சுத்தமாக உள்ள மாட்டுக்கும் மருந்து போகிறது. கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும் கவலை அங்கிருந்துதான். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 28 முதல் இப்படி வழக்கமாக ஏற்றுவதைத் தடுத்துவிட்டது.

இரண்டாம் வழிக்குக் கணக்கு வேண்டும். கடைசி சில மாதச் சோதனைகளில் உடற்செல் எண்ணிக்கை (மடியில் தொற்று வந்தால் பாலில் கூடும் செல்களின் கணக்கு) மில்லி லிட்டருக்கு 2 லட்சத்துக்குக் கீழ், அந்தக் கறவையில் மடிநோயும் வரவில்லை என்றால் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பது பரவலான அளவுகோல். ஆய்வக வசதி இல்லையென்றால் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை உதவும். பாலும் கரைசலும் சேர்ந்து கொழகொழவென்று ஆனால் அந்தக் காம்பில் சந்தேகம். பால் மிகக் குறைந்த கடைசி நாட்களில் செல் எண்ணிக்கை தானாகவே கொஞ்சம் ஏறும் என்பதால் ஒரே சோதனையை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

மருந்து வேண்டாம் என்றான மாட்டை அப்படியே விட்டுவிடவும் முடியாது. கறவை நின்றதும் காம்புத் துளையை கெரட்டின் என்ற மெழுகு போன்ற இயற்கைப் பொருள் அடைக்க வேண்டும். பால் அதிகம் கறக்கும் மாடுகளில் அது தாமதமாகும்; சில காம்புகள் வாரக்கணக்கில் திறந்தே கிடக்கும். அதனால்தான் பிஸ்மத் சப்நைட்ரேட் கலந்த காம்பு அடைப்பான் என்ற பசையைக் காம்புக்குள் ஏற்றுகிறோம்.

தேர்வு செய்து ஏற்றுவதில் சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான். அடைப்பான் எந்தக் கிருமியையும் கொல்லாது. அழுக்குக் கையால் ஏற்றினால் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். ஆன்டிபயாடிக்காவது அசட்டையை ஓரளவு மறைக்கும். கையுறை அணிந்து, ஸ்பிரிட் பஞ்சால் தூரத்துக் காம்புகளை முதலில் துடைத்துவிட்டு, ஏற்றும்போது அருகிலுள்ள காம்பில் தொடங்க வேண்டும். (உதைக்கிற மாட்டுக்கு இந்த வரிசை தெரியாது என்பது வேறு விஷயம்.) அடைப்பானை மடிக்குள் தேய்த்து ஏற்றவும் கூடாது, அது காம்பிலேயே நிற்க வேண்டும்.

செல் கணக்கு வைத்திருக்கும் பண்ணைக்கு என் ஓட்டு இரண்டாவது வழிக்குத்தான். மந்தையில் அகலாக்டியே இருப்பது உறுதியானால் மட்டும், அது ஒழியும்வரை கால்நடை மருத்துவர் சொல்கிறபடி எல்லா மாட்டுக்கும் ஏற்றுவதே சரி. எந்த வழியானாலும் மருந்து ஏற்றிய தேதியை எழுதி வையுங்கள். மாடு நாளுக்கு முன்பே ஈன்றுவிட்டால், பாலை எப்போது விற்பனைக்கு அனுப்பலாம் என்பதை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும்.